மெய்நிகர் டெஸ்க்டாப்: விண்டோஸில் இருப்பதே போதுமா, தனி மென்பொருள் வேண்டுமா?

நெய்தல்:
வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். 14 அங்குல மடிக்கணினி, விண்டோஸ் 11. போன வாரம் இரண்டு புத்தகங்கள் ஒரே நேரத்தில் கையில் இருந்தன. பதினைந்து சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததில், திருத்தம் முடிந்த கோப்பு என்று நினைத்து இரண்டாம் மெய்ப்பை (பிழை பார்க்க எடுத்த பிரதியை) அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். பக்க எண்ணிக்கை ஒத்துவரவில்லையே என்று அச்சுத் தகடு (பிளேட்) போடும் முன்பு அச்சகத்து அண்ணன் அழைத்துக் கேட்டதால் தப்பித்தேன். இனி வேலைகளைத் தனித்தனி மெய்நிகர் டெஸ்க்டாப்களில், அதாவது ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்க்கும் தனித்தனிப் பரப்புகளில், பிரித்து வைக்கப்போகிறேன். விண்டோஸில் உள்ள வசதி போதுமா, அல்லது விர்ச்சுவாவின், டெக்ஸ்பாட் போன்ற ஒன்றை நிறுவ வேண்டுமா?

கரிசல்காடு:
எதையும் நிறுவாதீர்கள். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோதே இந்த வசதியும் வந்துவிட்டது. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய டெஸ்க்டாப் பிறக்கும். டி-க்குப் பதில் இட, வல அம்புக்குறிகளை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கலாம். விண்டோஸ் 11இல் ஒவ்வொன்றுக்கும் வேறு பின்னணிப் படமும் வைக்கலாம். உங்களுக்கு இதுதான் முக்கியம். அச்சகத்துக்குப் போகும் கோப்பு இருக்கும் டெஸ்க்டாப்புக்குச் சிவப்புப் பின்னணி வையுங்கள், கை தானாக ஒரு நொடி நிற்கும்.

ஆலமரம்:
கரிசல்காடு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகள் லினக்ஸில் வேலை செய்தவன் நான். மூன்றாவது டெஸ்க்டாப் வேண்டுமென்றால் மூன்றாம் எண்ணை அழுத்திப் போவது அங்கே சாதாரணம். விண்டோஸில் அதற்கென்று குறுக்குவிசையே கிடையாது, ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு சாளரத்தை அடுத்த டெஸ்க்டாப்புக்கு நகர்த்தவும் விசை இல்லை, மவுஸால் இழுக்க வேண்டும். கணினியை அணைத்துத் திறந்தால் டெஸ்க்டாப்களும் அவற்றின் பெயர்களும் இருக்கும், உள்ளே சாளரங்கள் இருக்காது. தினமும் காலையில் கடை விரிக்க வேண்டும். விர்ச்சுவாவின் இலவசம், திறந்த மூலம். 20 டெஸ்க்டாப் வரை வைக்கலாம், விசைகளை நம் விருப்பப்படி அமைக்கலாம், இந்த நிரல் இந்த டெஸ்க்டாப்பில்தான் திறக்க வேண்டும் என்று விதியும் எழுதலாம்.

கரிசல்காடு:
ஆலமரம் ஐயா, விதி எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லுங்கள். இந்த வகை மென்பொருள்கள் மற்ற சாளரங்களை மறைத்துவைத்துவிட்டு, தேவைப்படும்போது காட்டுகின்றன. பழைய அலுவலகத்தில் இப்படிப்பட்ட ஒன்று நடுவில் நின்றுபோனது. சேமிக்காத நான்கு கோப்புகள் மறைந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டன, அரை நாள் வேலை போனது. டெக்ஸ்பாட்டுக்கோ புதிய பதிப்பு வந்தே பல ஆண்டுகளாகின்றன.

விண்டோஸின் சொந்த டெஸ்க்டாப்களோடு இணைந்து வேலை செய்யும் கருவிகளுக்கு வேறு சிக்கல். மைக்ரோசாப்ட் வெளியார் பயன்படுத்த வெளியிட்டிருக்கும் இடைமுகத்தில் (வெளி நிரல்கள் விண்டோஸிடம் வேலை கேட்கும் வழி) மூன்றே செயல்கள் உள்ளன: இந்தச் சாளரம் இப்போதைய டெஸ்க்டாப்பில் இருக்கிறதா, எந்த டெஸ்க்டாப்பில் இருக்கிறது, அதை நகர்த்து. புதிய டெஸ்க்டாப் உருவாக்கவோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறவோ அதில் வழி இல்லை. அதனால் கருவி எழுதுபவர்கள் வெளியிடப்படாத உள் இடைமுகங்களைப் பிடிக்கிறார்கள். ஒரு புதுப்பிப்பில் அது மாறினால் கருவி படுத்துவிடும். புத்தகம் அச்சுக்குப் போகிற நாளில் அப்படி நடந்தால் நெய்தல் என்ன செய்வார்?

முல்லைக்கொடி:
மைக்ரோசாப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள டெஸ்க்டாப்ஸ் கருவியை யாரும் சொல்லவில்லையே? மிகச் சிறியது, நான்கு டெஸ்க்டாப் தரும், பிரிவு முழுமையானது.

ஆலமரம்:
பிரிவு முழுமையாக இருப்பதுதான் அதன் சிக்கல். ஒரு டெஸ்க்டாப்பில் திறந்த சாளரத்தை இன்னொன்றுக்கு நகர்த்தவே முடியாது. கருவியை நிறுத்த வேண்டுமென்றால் லாக் ஆஃப் செய்ய வேண்டும். மெய்ப்பையும் வடிவமைப்பையும் மாறி மாறிப் பார்ப்பவருக்கு இது ஆகாது.

தாழை:
எந்த மென்பொருள் என்று பேசுகிறோம். எதை எதோடு வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் கவலை. பலர் முதல் நாளே உலாவிக்கு ஒன்று, வேர்டுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று நிரல்வாரியாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இரண்டும் இரண்டு இடங்களுக்குப் போய்விடும். பத்து நாளில் கைவிட்டுவிடுவார்கள்.

1986இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் 'ரூம்ஸ்' என்ற அமைப்பை எழுதினார்கள். அதன் அடிப்படையே ஒரு வேலைக்குச் சேர்ந்து தேவைப்படும் சாளரங்கள் சேர்ந்தே ஓர் அறையில் இருக்க வேண்டும் என்பது. ஒரே சாளரம் பல அறைகளில் தோன்றவும் அதில் வழி இருந்தது. நெய்தல், உங்கள் பிரிவு புத்தகவாரியாக இருக்கட்டும். முதல் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி, வடிவமைப்பு, மெய்ப்பு மூன்றும் ஒரே டெஸ்க்டாப்பில். இரண்டாவதற்கும் அப்படியே. விண்டோஸ் விசையும் டேப் விசையும் அழுத்தினால் வரும் பார்வையில் அகராதியை மட்டும் வலது சொடுக்கி, எல்லா டெஸ்க்டாப்களிலும் காட்டும்படி அமையுங்கள். முடிந்தால் இரண்டாவது திரை ஒன்றும் வாங்குங்கள். அருகருகே வைத்துப் பார்க்கும் வசதியை எந்த மெய்நிகர் டெஸ்க்டாப்பும் தராது.

ஆலமரம்:
தாழை சொன்ன பிரிவு சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் புத்தகவாரியாகப் பிரித்தால் காலையில் மறுபடி அடுக்கும் வேலை இன்னும் கூடும். விதிகள் அங்கேதான் உதவும்.

கரிசல்காடு:
இரண்டு புத்தகத்துக்கு எட்டுச் சாளரம். திறக்க ஐந்து நிமிடம். மடிக்கணினியை அணைக்காமல் உறக்க நிலையில் வைத்தால் அந்த ஐந்து நிமிடமும் தேவையில்லை.

நெய்தல்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக விண்டோஸின் வசதியையே பயன்படுத்துகிறேன். புத்தகத்துக்கு ஒன்று, அச்சுக்கு அனுப்புவதற்குச் சிவப்பில் ஒன்று. நேற்று ஒரு சிக்கல் வந்தது. பிடிஎஃப் ரீடர் இரண்டு புத்தகங்களின் மெய்ப்புகளையும் ஒரே சாளரத்தில் தாவல்களாகத் திறந்துவிட்டது. சாளரத்தை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்தே போகின்றன. போன வாரத் தவறு மறுபடி நடக்க இதுவே போதும்.

ஆலமரம்:
அதை எந்த டெஸ்க்டாப் மென்பொருளும் பிரிக்காது, விர்ச்சுவாவினும்தான். டெஸ்க்டாப்புக்குத் தெரிவது சாளரம் மட்டுமே, உள்ளே இருக்கும் தாவல் தெரியாது. ரீடரின் அமைப்புகளில், புதிய கோப்பை அதே சாளரத்தில் தாவலாகத் திறக்கும் தெரிவை நீக்கிவிட்டு, ரீடரை மூடித் திறந்து பாருங்கள்.

நெய்தல்:
நீக்கிவிட்டேன். இப்போது ஒவ்வொரு மெய்ப்பும் தனிச் சாளரத்தில் வருகிறது.