அட்டை அச்சுல மங்கலா வருது, அவசரம்ங்க

நம்பியூர்க்காரன்:
ஏனுங்க, என்ற சிறுகதைத் தொகுப்புக்கு நானே அட்டை போட்டேன். போன்ல பாத்தா மயில்நீலமும் பச்சையும் பளிச்சுனு இருக்குது. பிரஸ்ல சாம்பிள் எடுத்தா வெளுத்த லுங்கியாட்டம் வருது. ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குள்ள வேணும். என்ன பண்றதுங்க?

பொள்ளாச்சி வாசகி:
எதுல டிசைன் பண்ணுனீங்க? மேட் லேமினேசனா (மினுக்காத மேலுறை), கிளாஸா (மினுக்கறது)? எத்தனை காப்பி? படத்தையும் போடுங்க.

பனியன் பிரிண்டர், திருப்பூர்:
மைதான் காரணம். நாங்க துணிக்குப் பான்டோன் நம்பர் (ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள குறியீடு) குடுத்துத்தான் கலர் கலக்குவோம். உங்க நீலத்தையும் வழக்கமான நாலு மையோட அஞ்சாவது கலரா தனி மையில ஓட்டச் சொல்லுங்க.

சூலூர் ஆப்செட்:
அது ஆப்செட்ல (தகடு செஞ்சு ஓட்டற அச்சு) ஆயிரக்கணக்குல ஓட்டுனா சரிங்க. கொஞ்சம் காப்பிக்குத் தனி மை கட்டுபடியாகாது. தம்பி, பைல் ஆர்ஜிபியா (திரைக்கான செவப்பு, பச்சை, நீல வெளிச்சம்), சிஎம்ஒய்கேவா (அச்சுக்கான நாலு மை: சயான்ங்கற வெளிர்நீலம், மெஜந்தாங்கற ஊதா கலந்த செவப்பு, மஞ்சள், கருப்பு)?

நம்பியூர்க்காரன்:
300 காப்பி, டிஜிட்டல். ஆர்ஜிபின்னுதான் காட்டுதுங்க. மேட்.

சூலூர் ஆப்செட்:
அதாங்க. திரை வெளிச்சத்துல நிறம் காட்டுது, அச்சு நாலு மையில காட்டுது. மின்னற பச்சையும் நீலமும் அந்த நாலுக்குள்ள அடங்காது. சிஎம்ஒய்கேவுக்கு மாத்தி, நீலத்துல கருப்பைச் சுத்தமா எடுத்துட்டு மெஜந்தாவைக் கொறைங்க. மேட் இன்னுங் கொஞ்சம் மங்கவெக்கும், கிளாஸ் போடுங்க. மஞ்சளைத் தாராளமா வெக்கலாம், அது நாலுல ஒரு மையேதான்.

ஓவிய ஆசிரியர் (ஓய்வு):
இதெல்லாம் பிற்பாடு. ஓவியர் ஆதிமூலத்தோட கோட்டோவியங்களைப் பாத்திருக்கீங்களா? வெறுங் கருப்புக் கோடு, கண்ணை நிறுத்தும். இந்தக் காலத்துப் பசங்களுக்கு அடிப்படையே தெரியறதில்ல. அட்டையைச் சுவத்துல ஒட்டிப் பத்தடி தள்ளி நில்லுங்க. தலைப்பு படிக்க முடியலீன்னா எந்த நிறமும் காப்பாத்தாது.

பனியன் பிரிண்டர், திருப்பூர்:
ஐயா, ஸ்டால்ல நூறு அட்டைக்கு நடுவுல கோட்டோவியத்தை யாரு எடுப்பா? ஏஐல ஒரு மொகம் போட்டா நின்னு பாக்குறாங்க.

ஓவிய ஆசிரியர் (ஓய்வு):
அந்த மொகம் பத்துப் புத்தகத்துல ஒரே மாதிரி சிரிக்குது. கதைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

பொள்ளாச்சி வாசகி:
ரெண்டு பேரும் தனி இழை தொடங்குங்க. அவரு கேட்டது நிறம். ஆனா பத்தடி யோசனை நல்ல யோசனைங்க, நானும் அட்டை பாத்துத்தான் கையில எடுக்குறேன்.

நம்பியூர்க்காரன்:
மன்னிக்கோணுங்க, படம் இப்பத்தான் போட முடிஞ்சுது. இன்னொண்ணு, போட்டோஷாப்ல தலைப்புல 'கொ' ஒடஞ்சு கொம்பு தனியா, கால் தனியா நிக்குது.

சூலூர் ஆப்செட்:
பேராகிராஃப் மெனுவுல வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்க, யுனிகோடு எழுத்து சேர்ந்துக்கும். பிடிஎஃப் குடுக்கறப்ப எழுத்தை அவுட்லைனா (எழுத்துருவா இல்லாம வெறும் வடிவமா) மாத்தி, நாலு பக்கமும் 3 மிமீ பிளீடு (வெட்டறதுக்கு ஓரத்துல விடற கூடுதல் படம்) விட்டு, 300 டிபிஐல (அங்குலத்துக்கு 300 புள்ளி) குடுங்க. படத்துல ஸ்பைனே (புத்தகத்தோட முதுகு) காணமே? எத்தனை பக்கம், எந்தக் காயிதம்? அதை வெச்சுத்தான் அகலம் சொல்ல முடியும்.

நம்பியூர்க்காரன்:
எழுத்து சேர்ந்துருச்சுங்க. நீலமும் பரவால்ல. பிரஸ்ஸுக்குக் கெளம்பிட்டேன், நன்றிங்க.

சூலூர் ஆப்செட்:
தம்பி, ஸ்பைன்?