மழைவெள்ளத்தைத் தொகையிட்டால் குவாட் பூச்சியம் தருகிறது, ஏன்?

பாலியாறு:
ஒரு மாரிமழையில் குளத்துக்கு வரும் நீரைக் கணக்கிடுகிறேன். வரத்து = 40 × எக்ஸ்ப்(−((ந−1500)/3)²) கனமீட்டர்/செக்கன் (எக்ஸ்ப் என்பது e இன் அடுக்கு). ந என்பது ஒக்ரோபர் 1 தொடக்கம் எண்ணிய மணி, ஆக 1500 என்பது டிசம்பர் 2 மத்தியானம். முழு ஆண்டுக்கும் 0 இலிருந்து 8760 வரை பைதனின் கணித நூலகமான சைபையில் தொகையிடும் சார்பான குவாட்டுக்குக் கொடுத்தால் விடை 0.0, அது மதிப்பிடும் வழுவும் 0.0. எச்சரிக்கைகூட இல்லை. 1400–1600 என்று கொடுத்தால் 212.69. எதை நம்புவது?

கனகராயனாறு:
212.69 தான் சரி. 40 × 3 × √π, கையாலேயே போட்டுப் பாருங்கள்.

குவாட் முதலில் 21 புள்ளிகளில் மட்டுமே சார்பின் பெறுமானத்தை எடுக்கும். 0–8760 இல் உங்கள் உச்சிக்கு இருபுறமும் விழுபவை ஏறத்தாழ 1404உம் 1915உம். கிட்டியதே 96 மணி தள்ளி நிற்கிறது, வெள்ளத்தின் அகலமோ 3. அங்கே அடுக்கு −1000 ஐத் தாண்டிவிடும், கணினி அதை வெறும் 0 என்றே வைத்துக்கொள்ளும். 21 இடத்திலும் 0 என்றால் இடையைப் பிரித்துப் பார்க்க அதற்கு என்ன அவசியம்? ஆகையால் லிமிற்றை (இடையை எத்தனை துண்டு வரை பிரிக்கலாம் என்ற வரம்பை) 50 இலிருந்து கூட்டியும் பயனில்லை.

இடையை எங்கே பிரித்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லும் பொயின்ற்ஸ் என்ற தெரிவுக்கு [1480, 1520] கொடுங்கள், விடை வரும். முடிவிலி எல்லையோடு அந்தத் தெரிவு வேலை செய்யாது.

பாலியாறு:
வந்துவிட்டது, நன்றி. மாக்சிமா என்ற கணித மென்பொருளுக்கு மாறினால் இந்தத் தொல்லை இராதா?

கனகராயனாறு:
அதில் எண்முறையில் தொகையிடும் குவாட்_குவாக்ஸ் என்றால் அதே கதைதான், இரண்டுக்கும் அடியில் இருப்பது குவாட்பாக் என்ற நிரல் தொகுப்பு. இன்டகிரேட் என்று குறியீட்டு முறையில் கேட்டால் வழுச்சார்பு (erf) என்ற கணிதச் சார்பின் வடிவில் சரியான விடை தரும்.

பறங்கியாறு:
212.69 ஐ அப்படியே கொள்ளளவு என்று எழுதிவிடாதீர்கள். நேரம் மணியில், வரத்து செக்கனுக்கு. 3600 ஆல் பெருக்கினால் 765,700 கனமீட்டர், அதாவது 621 ஏக்கர் அடி அளவில்.

அளவுகோலில் வாசித்த தரவு என்றால் குவாட்டே வேண்டாம், அடுத்தடுத்த வாசிப்புகளை நேர்கோட்டால் இணைத்துப் பரப்பைக் கூட்டும் சரிவக விதி போதும். ஆனால் 6 மணிக்கொரு வாசிப்பு இந்த வெள்ளத்துக்குக் காணாது. உச்சி வாசிப்பு நேரத்திலேயே விழுந்தால் மொத்தம் 17% கூடும், இரண்டு வாசிப்புக்கு நடுவில் விழுந்தால் 17% குறையும். 3 மணிக்கொன்று எடுத்தால் வழு 0.01% அளவுக்கு இறங்கிவிடும்.