மதில் தாண்டும் பூனை, கொல்லையில் மேயும் குஞ்சு: பொறுப்பு யாருடையது?

செவலைக்கோழி:
காரைக்குடிக்கு வெளியே, இப்போதுதான் வீடுகள் நெருங்கத் தொடங்கியிருக்கும் ஒரு குடியிருப்பில் வசிக்கிறேன். கொல்லையில் சிறுவிடை என்னும் நாட்டு இனக் கோழிகள் 4, ஒரு சேவல் இருக்கின்றன. மாசி மாதம் அடை வைத்த 11 முட்டைகளில் 9 பொரித்தன. மூன்று வாரத்துக்குள் 5 குஞ்சுகளைக் காணவில்லை. அவற்றில் இரண்டை அடுத்த தெருப் பூனை கவ்விக்கொண்டு மதில் ஏறியதை என் கண்ணாலேயே பார்த்தேன். அது தெருவில் திரியும் அநாதைப் பூனையன்று. அதற்குக் கழுத்துப்பட்டை உண்டு, பெயர் உண்டு, வேளாவேளைக்கு மீன் வைக்கும் வீடும் உண்டு. அந்த வீட்டாரிடம் முறையிட்டபோது, "பூனையைக் கட்டிப்போட்டா வளர்க்க முடியும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஆடு அடுத்தவர் கீரைப்பாத்தியில் வாய் வைத்தால் ஆட்டுக்காரர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை நம் ஊர்களில் யாரும் மறுப்பதில்லை. பூனைக்காரருக்கு மட்டும் அந்த வழக்கம் ஏன் பொருந்தாமல் போகிறது?

மதில்மேல்பூனை:
நான் மூன்று பூனைகள் வளர்ப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் உங்கள் கணக்கை ஏற்க முடியவில்லை. பூனை எடுத்துச் சென்றதாக நீங்கள் கண்டது இரண்டு குஞ்சுகளைத்தான். மீதி மூன்றைக் காகமோ பருந்தோ கீரியோ கொண்டுபோயிருக்கலாம் என்னும்போது, ஐந்தையும் பூனையின் பேரில் எழுதுவது நியாயமாகாது. ஊரிலுள்ள பூனைகளையெல்லாம் வீட்டுக்குள் பூட்டினாலும் பருந்தைப் பூட்ட யாரால் முடியும்? உள்ளங்கையில் அடங்கும் ஓர் உயிரைத் திறந்தவெளியில் விட்டு வளர்ப்பது என்று முடிவெடுத்தவர் நீங்கள்; ஆகவே அதற்குக் கூண்டு கட்டும் கடமையும் உங்களுடையதே.

ஆட்டு உதாரணத்துக்கும் ஒரு விடை இருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் மேயும் கால்நடையைப் பிடித்துப் பவுண்டு என்னும் பொதுப் பட்டியில் அடைக்க வழிசெய்யும் சட்டம் 1871 முதலே நடப்பில் உள்ளது. மாடு, ஆடு, குதிரை, கழுதை, பன்றி, ஒட்டகம், யானை வரைக்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு, பூனைக்கு இல்லை. அடைத்து வைக்க முடியாத பிராணி என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது.

கம்பிவேலி:
இத்தனை பேச்சு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கருவாட்டுத் துண்டில் மருந்தைத் தடவி மதில்மேல் வைத்தால் இரண்டே நாளில் தொல்லை ஒழிந்துவிடும். மனம் ஒப்பவில்லை என்றால், சாக்கில் கட்டிப் பத்து மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

கால்நடைக்காரன்:
கால்நடைப் பராமரிப்புத் துறையில் 30 ஆண்டுகளுக்குமேல் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், கம்பிவேலி ஐயாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நஞ்சு வைத்து ஒரு விலங்கைக் கொல்வது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிட்டு வருவதும் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமே. முதல் முறைக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய்தான் என்பது வேறு கதை. அந்தத் தொகையை இன்றுவரை யாரும் உயர்த்தவில்லை. சட்டத்தை விட்டாலும் மருந்து தடவிய கருவாட்டை மதிலிலிருந்து காகம் தட்டிவிட்டால் அதை முதலில் கொத்தப்போவது உங்கள் கோழிதான். கோழி எதைக் கொத்தாமல் விட்டது?

இனி குஞ்சுகளின் விஷயத்துக்கு வருகிறேன். எது கொண்டுபோகிறது என்று தெரியாமல் செய்கிற காவல் பெரும்பாலும் வீணாகும். நாளுக்கு ஒன்றாக, சத்தமும் தடயமும் இல்லாமல் குஞ்சு குறைந்துகொண்டே வந்தால் பூனையையோ காகத்தையோ பருந்தையோ சந்தேகிக்கலாம். ஒரே தடவையில் கூட்டுக்குள் பல கோழிகள் கழுத்து கடிபட்டுக் கிடந்தால் அது பெரும்பாலும் கீரி அல்லது மரநாயின் வேலை. அவை இரண்டும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, எனவே அவற்றின்மீது கைவைக்க நினைக்க வேண்டாம். கூட்டின் மூலையில் புதுமண் குவிந்திருந்தால் பெருச்சாளி வளை தோண்டியிருக்கிறது என்று பொருள். வளர்ந்த கோழியை வீட்டுப் பூனை தொடுவது அரிது. சிறகை விரித்துக்கொண்டு பாயும் தாய்க்கோழியிடம் ஒருமுறை கொத்து வாங்கிய பூனை மறுபடி நேருக்கு நேர் வராது. தாயைவிட்டு நாலடி விலகி மேயும் குஞ்சைத்தான் அது குறிவைக்கும். ஆகவே நாம் காக்க வேண்டியது பொரித்த நாளிலிருந்து ஆறேழு வாரங்களை மட்டும்தான்.

பலர் செய்யும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். பூனை வரும் வழியில் ஃபினாயில் ஊற்றுகிறார்கள், அந்துருண்டை போடுகிறார்கள். இவ்வகை நச்சுப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் பட்டதை நக்கினாலே நோயில் விழும். விரட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நஞ்சு வைப்பதாகத்தான் அது முடியும்.

செவலைக்கோழி:
ஐயா சொன்னதை வைத்துப் பார்த்தால், காணாமல்போன மூன்றும் காலை ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில்தான் போயிருக்கின்றன. அந்த வேளையில்தான் கூட்டைத் திறந்துவிட்டு நான் அடுப்படிக்குப் போகிறேன். அப்படியானால் பூனையின் பேரில் என் சந்தேகம் வலுக்கத்தான் செய்கிறது. மதில்மேல்பூனை அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பூனைகளுக்கு வயிறு நிறைய உணவு வைத்துவிட்டு வெளியே விட்டால் அவை வேட்டையாடாது என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா?

மதில்மேல்பூனை:
உறுதி சொல்ல மாட்டேன். பொய் சொல்லி வாதத்தில் வெல்ல விருப்பமில்லை. பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறைந்த பூனையும் அசைகிற ஒன்றைக் கண்டால் பதுங்கும். நான் என் பூனைகள் மூன்றுக்கும் கருத்தடை செய்திருக்கிறேன், அதனால் அவை ஊர்சுற்றுவது குறைந்திருக்கிறது. கழுத்தில் மணியும் கட்டியிருக்கிறேன்.

பஞ்சாரத்துப் பாட்டி:
தம்பி, மணி கட்டியதைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். பறக்கத் தெரிந்த குருவிக்கு மணிச்சத்தம் உதவும். பிறந்து பத்து நாளான கோழிக்குஞ்சு அதைக் கேட்டு எங்கே ஓடும்? அது என்னவென்று பார்க்க இன்னும் கிட்டத்தில்தான் வரும்.

உசிலம்பட்டிப் பக்கத்தில் ஐம்பது வருடமாகக் கோழி வளர்க்கிறேன். எங்கள் வீட்டிலும் பூனை உண்டு. பூனை இல்லாவிட்டால் குதிரில் நெல் தங்காது. குஞ்சு பொரித்த பிறகு முதல் இரண்டு வாரம் தாயையும் குஞ்சுகளையும், கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையான பஞ்சாரத்துக்குள்தான் வைப்போம். தண்ணீரும் நொய்யும் உள்ளேயே இருக்கும். பஞ்சாரத்தின் தலையில் ஒரு கல்லை வைக்க மறக்கக் கூடாது, ஏனென்றால் பூனை அதன்மேல் ஏறி ஆட்டிப் புரட்டிவிடும். மூங்கில் இடைவெளிக்குள் கால் விட்டு நகத்தால் இழுக்கும் பூனையும் உண்டு என்பதால், கீழ்ப்பகுதியில் பழைய கோணியைச் சுற்றி வைப்போம். மூன்றாம் வாரத்திலிருந்து மதியத்துக்குமேல், திண்ணையில் ஆள் இருக்கிற நேரத்தில் மட்டும் திறந்துவிடுவோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், மகளே. கோழி அறுத்த கழிவையும் மீன் செதிலையும் கொல்லை மூலையில் கொட்டுகிற பழக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? அந்த வாடைக்கு வரும் பூனை அப்படியே குஞ்சையும் பார்த்துவிட்டுப் போகும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். வந்தால் விரட்ட ஒரு சொம்புத் தண்ணீர் போதும், கல்லெடுத்து எறிய வேண்டாம்.

செவலைக்கோழி:
மீன் செதிலைத் தென்னை மரத்தடியில் போடுவது உண்மைதான், பாட்டி. உரமாகும் என்று நினைத்திருந்தேன், இன்றே நிறுத்திவிடுகிறேன். ஆனால் பகல் முழுவதும் திண்ணையில் ஆள் உட்கார எங்கள் வீட்டில் வழியில்லை, இருவருமே வேலைக்குப் போகிறோம்.

கால்நடைக்காரன்:
அப்படியானால் நிலையான அடைப்பு ஒன்றே வழி. கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலையை வாங்க வேண்டாம். அது கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் என்னும் பற்றவைத்த கம்பிவலை வாங்கி, சுற்றிலும் ஓரடி ஆழத்துக்கு மண்ணில் இறக்கிப் புதையுங்கள். மேற்பக்கத்தையும் கட்டாயம் மூடுங்கள், இல்லாவிட்டால் பூனைக்கும் பருந்துக்கும் நீங்கள் வாசல் திறந்து வைத்ததாகிவிடும். கதவுக்குக் கயிறு கட்டாமல் தாழ்ப்பாள் போடுங்கள். அதோடு ஏழாம் நாள் கண்ணில் விடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தையும் தவறவிடாதீர்கள்; எந்தப் பூனையும் ஒரே வாரத்தில் ஒரு கொல்லையையே காலி செய்ததில்லை, இராணிக்கட் என்னும் இந்த வெள்ளைக்கழிச்சல் நோய் செய்திருக்கிறது.

கம்பிவேலி:
எல்லாச் செலவும் கோழிக்காரருக்கு, பூனைக்காரருக்கு ஒரு காசும் இல்லை. இதை நியாயம் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறீர்களா? மருந்து பற்றி நான் எழுதியது தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன். இந்தக் கேள்வியைத் திரும்பப் பெற மாட்டேன்.

மதில்மேல்பூனை:
கேள்வி சரியானதுதான். என் பக்கத்து வீட்டிலும் அண்மையில் கோழி வாங்கியிருப்பதால் என்னளவில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். குஞ்சு பொரிக்கும் தேதியை முன்கூட்டியே சொன்னால், ஆறு வாரத்துக்குக் காலை ஒன்பது மணிவரை என் பூனைகளை வெளியே விட மாட்டேன். அதற்குமேல் பகல் முழுவதும் அடைத்து வைக்க என்னால் இயலாது. அந்த நேரத்துக்குக் கூண்டுதான் காவல் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

செவலைக்கோழி:
இப்படி ஒரு வார்த்தையை என் அண்டை வீட்டார் சொல்லியிருந்தால் இங்கே எழுதியே இருக்க மாட்டேன். நேற்று கறுப்புக்கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. இன்னும் 20 நாள் இருக்கிறது. ஆறடிக்கு நாலடி அடைப்புக்கு வெல்டு மெஷ்ஷும் சட்டமும் கூலியும் சேர்த்து 4,200 ரூபாய் ஆகும் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீட்டோடு அடுத்த தெருவுக்குப் போய்ப் பாதித் தொகையைக் கேட்கப்போகிறேன். தர மறுத்தாலும், காலை ஒன்பது மணிக் கணக்கையாவது பேசி முடித்துவிட்டுத்தான் திரும்புவேன்.