‘அளவீட்டு வழு’வா, ‘ஐயவீச்சு’ஆ?

வணக்கம்.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஹெம்ப் செய்கை விதிகளைத் தமிழாக்கும்போது ஒரு சொல்லில் நிற்கிறேன். (ஹெம்ப் என்பது போதை குறைந்த கஞ்சாச் செடி வகை. ‘சணல்’ என்று எழுதவில்லை, எங்கட ஆட்களுக்குச் சணல் என்றால் சாக்கு. செடியும் வேறு.)

எதிர்பார்க்கும் அறுவடைக்கு முந்திய 30 நாட்களுக்குள் பூத்த உச்சியில் 5 முதல் 8 அங்குலம் வெட்டி மாதிரி எடுக்கவேண்டும். உலர்நிறையில் மொத்த டிஎச்சி (போதை தரும் பொருள்) 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆய்வுகூடம் தன் எண்ணோடு ± அளவையும் தரவேண்டும். அந்த ± அளவுக்கு ‘அளவீட்டு வழு’ என்று போட்டேன். சரியா?

வெள்ளவத்தையிலிருந்து

-----

‘வழு’ வேண்டாம். பௌதிகவியலில் வழு என்பது உண்மைப் பெறுமானத்திலிருந்து விலகிய அளவு. இங்கே உண்மைப் பெறுமானமே தெரியாது. அது எந்த இடைவெளிக்குள் இருக்கலாம் என்றுதான் சொல்கிறோம். தோட்டக்காரர் ‘வழு’வைக் கண்டால் ஆய்வுகூடம் பிழைவிட்டது என்று சண்டைக்கு வருவார். ‘ஐயவீச்சு’ என்பேன். புள்ளிவிபரவியலில் வீச்சு ஏற்கெனவே பழகிய சொல்.

கணக்கில் போட்டுப் பாருங்கள். டிஎச்சி 0.08 சதவீதம், டிஎச்சிஏ (சூட்டில் டிஎச்சியாக மாறும் அமிலம்) 0.30 சதவீதம். சூடாக்கினால் டிஎச்சிஏ காபனீரொட்சைட்டை இழந்து நிறை குறைவதால் 0.877ஆல் பெருக்கவேண்டும்: 0.08 + 0.263 = 0.343. கீழ்முனை 0.3ஐத் தாண்டாவிட்டால் போதும். ஐயவீச்சு ±0.05 என்றால் கீழ்முனை 0.293, பயிர் தப்பும். ±0.03 என்றால் 0.313, பயிர் தேறாது. துல்லியம் கூடின ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தவர் மாட்டுப்படுகிறார்!

கொட்டாஞ்சேனையிலிருந்து

-----

ஐயவீச்சு பிடித்திருக்கிறது. ‘ஐயம்’ பொலிஸ் வாடை அடிக்குமோ என்று யோசித்தேன். இல்லை, அங்கே ‘சந்தேகநபர்’தான்.

ஆனால் 0.3ஐ ‘வரம்பு’ என்றால் வயல் வரம்பில் நட்டது என்று வாசிப்பார்கள். ‘உச்ச எல்லை’ போடுகிறேன். எல்லையைத் தாண்டினால் பூவைக் கழித்து அழிக்கலாம், அல்லது முழுச் செடியையும் அரைத்து மறுபடி சோதிக்கலாம். இதற்கு ‘பரிகாரம்’ போதும், புதுச்சொல் தேவையில்லை.

1.0 சதவீதத்துக்கு மேல் போனால்தான் ‘கவனயீன மீறல்’ கணக்கு. 5 ஆண்டுகளில் மூன்று சேர்ந்தால் அடுத்த 5 ஆண்டுகளுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. அந்த 1.0இலும் ஐயவீச்சைக் கழிக்கலாமா என்று வாசகர் கேட்பார், அதனால் 0.3க்கான வரைவிலக்கணத்தில் மட்டும் அந்தச் சொல்லை வைக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து