நாலு நாள் கரண்ட் இல்லாவிட்டால் நம் ஊர் என்ன ஆகும்?

வேளச்சேரி மூன்றாம் மாடி:
2023 டிசம்பர் 4, சென்னையில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மூன்றாவது மாடி என்பதால் தப்பித்தோம் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். கரண்ட் போனதும் மோட்டார் ஓடவில்லை, மேல்தொட்டி காலி, சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது, லிஃப்ட் இல்லை, மறுநாள் போனில் சிக்னலும் இல்லை. மாமியாரின் இன்சுலின் ஃப்ரிட்ஜில். வங்கியில் பணம் இருக்கிறது, கையில் எண்பது ரூபாய்தான், ஜிபே வேலை செய்யாததால் பால் பாக்கெட் வாங்க எதிர்வீட்டில் கடன் கேட்டேன். இன்னும் அந்த நாலு நாள் கண்ணிலேயே நிற்கிறது. அடுத்த மழைக்கு முன் என்ன செய்து வைக்கலாம்?

ஓய்வுபெற்ற லைன்மேன்:
அம்மா, கரண்ட்டை நாங்களேதான் நிறுத்துவோம். வீடுகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் தெருவோரப் பெட்டி (பில்லர் பாக்ஸ்) தண்ணீரில் மூழ்கினால், நடந்து போகிறவருக்கு ஷாக் அடித்து உயிர் போய்விடும். தண்ணீர் வடிந்து, பெட்டி காய்ந்து, சோதித்த பிறகுதான் திரும்பக் கொடுக்க முடியும், அவசரப்படுத்தாதீர்கள். செல்போன் டவரும் பேட்டரி தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டரை நம்பித்தான் நிற்கிறது, வெள்ளத்தில் டீசல் யார் கொண்டு வருவது? இன்சுலினை மண்பானைக்குள் வைத்து ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள், எத்தனை நாள் தாங்கும் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். சில்லறை நோட்டாக ரெண்டாயிரம் ரூபாய் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

மடிப்பாக்கம் கிணற்றடி:
வெள்ளம் மட்டுமா? 2015-இல் மூழ்கிய இதே ஊரில்தான் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று குடிநீர் தரும் நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். வந்த மழையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியில் குப்பையும் கட்டடமும் நிற்கின்றன. மிச்சம் இருப்பதில் சேரும் தண்ணீர் ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும், புயல் நேரத்தில் கடல் எழும்பினால் அதுவும் வாங்காது. எங்கள் அப்பா கட்டிய கிணற்றை கார் நிறுத்த மூடியவன் நான், அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்காது. போன வருடம் திறந்து தூர்வாரி அடிபம்பு போட்டேன். வெள்ளம் புகுந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, கழுவவும் கழிவறைக்கும் போதும். குடிக்க கேன் தண்ணீர் தனியாக வையுங்கள்.

முடிச்சூர்:
2015-இல் எங்கள் தெருவுக்கு முதலில் வந்தது மீனவர்கள், சொந்தப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார் என்று அவர்கள் கேட்டபோது, பத்து வருடமாக அங்கேயே இருந்த எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம்தான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம்: வீட்டு எண், வயதானவர், மருந்து, கைக்குழந்தை. ஒவ்வொரு செப்டம்பரிலும் வீடு வீடாகப் போய்த் திருத்துகிறோம். அக்கா, அடிபம்புக்கு முன்னால் இதைச் செய்யுங்கள், செலவே கிடையாது.

வேளச்சேரி மூன்றாம் மாடி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று நோட்டோடு கிளம்பினேன், எங்கள் பிளாக்கில் 24 வீடு. இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கிறார், அதுவும் கரண்ட்டில்தான் ஓடுகிறது. போன வெள்ளத்தில் அவர் மகன் எங்கிருந்தோ சிலிண்டர் தூக்கி வந்திருக்கிறார், தலைக்கு மேல் ஒரு மாடியில் இருந்த எனக்கு அது தெரியாது. லைன்மேன் சார், அந்த இயந்திரத்துக்கு எந்த அளவு இன்வெர்ட்டர் வேண்டும்?