முகம் பார்க்கிற கண்ணாடி

ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் மடியில் சுளகோடுதான் உட்கார்ந்திருப்போம். நான் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துவேன். முப்பத்தொரு வயசில் முதுகு வலி வந்தது. "குனிஞ்சே உக்காந்திருக்கவளுக்கு முதுகு வலிக்காம என்ன செய்யும்" என்றார்கள். நானும் அதை நம்பினேன்.

பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் ஐந்து மாதம் வலி ஊசி போட்டார்கள். சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்குது என்று சொன்னேன். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆனதையும் சொன்னேன். ஒரு எக்ஸ்ரே எடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஒருநாள் பீடிக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. அடுத்த பத்து நாளில் எழுந்து நிற்க முடியாமல் போயிற்று.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் டிபி என்றார்கள். எலும்பை அரித்து, சீழ் கட்டி, தண்டுவடத்தை நெருக்கியிருந்தது. டிபி நுரையீரலுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன். நகத்தையும் முடியையும் விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் வரும் என்றார் டாக்டர். ஆபரேஷன் ஆனது. ஒரு வருஷத்துக்கு மேல் இலவச மாத்திரை. யூரின் பையில் ஆரஞ்சு நிறத்தில் இறங்கியதைப் பார்த்து ரத்தம் என்று அம்மா அலறினாள். அது மாத்திரையின் நிறம். நோய் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை.

கை நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுபடியும் சுளகை எடுத்தேன். யாருக்கும் பாரமில்லை என்று காட்டவேண்டும் என்ற வெறி. நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து சுத்தினேன். வலி தெரியாத உடம்பு, அதனால் அசையத் தோன்றவே இல்லை. கொஞ்ச நாளில் வீட்டில் ஒரு வாடை வந்தது. நனைத்து வைத்த இலை புழுங்கிவிட்டது என்று நினைத்து இலையை மாற்றிப் பார்த்தேன்.

அந்த வாரம்தான் ஒரு அக்கா என்னைப் பார்க்க வந்தாள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் பயிற்சி எடுத்தவள், அவளுக்கும் தண்டுவடத்தில் அடி. இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வந்தவளை இரண்டு பையன்கள் தூக்கித்தான் எங்கள் படியேற்றினார்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடையைப் பிடித்துவிட்டாள்.

"ஏளா, நீ உக்காருத எடத்த என்னைக்காவது பாத்திருக்கியா? முகம் பாக்குத கண்ணாடி இருக்கும்லா, அத எடுக்கச் சொல்லு."

எல்லாரையும் வெளியே அனுப்பி, அம்மாவை வைத்து என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கண்ணாடியில் பார்த்தேன். பத்து ரூபாய்க் காசு அகலத்துக்கு, நடுவில் கறுத்து, ஓரமெல்லாம் ஈரமாக. என் உடம்பு எனக்கே சொல்லாமல் அழுகிக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் குப்புறப் படுத்தே கிடந்தேன். அக்கா செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தாள். படுக்கையில் இரண்டு மணிக்கொருதரம் திரும்பவேண்டும். உட்கார்ந்தால் கால் மணிக்கொருதரம் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கவேண்டும். சிறுநீரை நேரம் பார்த்து டியூப் போட்டு எடுக்கவேண்டும். இதை ஆஸ்பத்திரியிலேயே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த மூன்று மாதம் எனக்கு மிச்சம்.

ஆய்க்குடி ராமகிருஷ்ணன் ஐயா கதையையும் அவள்தான் சொன்னாள். 1975-இல் இன்ஜினியரிங் படிக்கும்போது கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் அந்தச் சங்கத்தை ஆரம்பித்தார். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. "அவுக படிச்சவுக, நான் பீடி சுத்துதவ" என்றேன்.

"நானும் எட்டாப்புத்தாம்ளா. ஒன் வீட்டுக்கு வரலியா?" என்றாள்.

இப்போது நானும் வீடு வீடாகப் போகிறேன். பீடி பாதியாகக் குறைந்துவிட்டது. காற்று மெத்தை போட்டு உட்கார்ந்து, போனில் கால் மணிக்கொருதரம் அலாரம் வைத்துச் சுத்துகிறேன். சனிக்கிழமை சுளகைத் தொடுவதில்லை. சேலைத் தலைப்பில் சுற்றிய ஒரு கண்ணாடி எப்போதும் என் பையில் இருக்கும்.

போன மாதம் கடையம் பக்கம் ஒரு தம்பி வீட்டுக்குப் போனேன். பனையிலிருந்து விழுந்தவன். சுவரைப் பார்த்தே கிடந்தான். "தாயீ, கால் வந்துருமா?" என்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரியாததை எப்படிச் சொல்ல? போர்வையை விலக்கச் சொன்னேன். குதிங்கால் சிவந்திருந்தது. விரலால் அமுக்கி எடுத்தேன், சிவப்பு வெளுக்கவில்லை. புண்ணுக்கு அதுதான் ஆரம்பம்.

அம்மாவிடம் கண்ணாடியைக் கொடுத்து, அவனுக்குத் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொன்னேன். முதலில் அவன் திரும்பவில்லை. அப்புறம் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிங்கால் பாயில் படாமல் தூக்கி வைத்தோம். ஒருக்களித்துப் போட்டோம்.

நான் கிளம்பும்போதுதான் முதல் வார்த்தை பேசினான்.

"இப்ப மணி என்னக்கா?"

"ரெண்டரை."

"அப்ப நாலரைக்குத் திருப்பணும்மா" என்று அம்மாவிடம் சொன்னான்.