வரி முடிந்த பின்னும் நீளும் தெரிவு நிறம்

கொக்குவிலான்: ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பு மென்பொருளில் பல வரிகளைத் தெரிவு செய்யும்போது, எழுத்துகள் முடிந்த இடத்தில் நில்லாமல் சாளரத்தின் வலது ஓரம் வரை நிறம் பரவுகிறது. யாழ்ப்பாணத்தில் நான் நடத்தும் வகுப்பில், வரியின் இறுதியில் வெற்றிடங்கள் உள்ளனவென்றே மாணவர்கள் எண்ணுகிறார்கள். இதைத் தடுக்க வழியுண்டா?

நல்லூரான்: அங்கே வெற்றிடம் ஏதுமில்லை, தம்பி; தெரிவுக்குள், வரியை முடித்துவைக்கும் கண்ணுக்குத் தெரியாத வரிமுறிப்புக் குறியும் அடங்கியிருப்பதையே அந்நிறம் உணர்த்துகிறது. 2020 இல் வெளிவந்த 27 ஆம் பதிப்புக்கு முன்னர் பின்னணி நிறம் பொதுவாக இவ்வாறே ஓரம் வரை நீண்டது. அதன்பின் ‘எக்ஸ்டெண்ட்’ என்ற பண்பு இயக்கப்பட்ட ஃபேஸ்கள் (எழுத்தின் நிறத்தையும் தோற்றத்தையும் வரையறுக்கும் அமைப்புகள்) மட்டுமே நீள்கின்றன. தெரிவுக்குரிய ‘ரீஜன்’ ஃபேஸில் அப்பண்பை ‘நில்’ (nil, அதாவது அணைத்த நிலை) ஆக்கிவிடுங்கள். நடப்பு வரியின் நிறத்தைத் தொடவேண்டாம். அது நீள்வதே அழகு.

வடமராட்சி வாசகி: விம் என்ற மற்றோர் உரைத்தொகுப்பு மென்பொருள் வரிமுறிப்புக்கு ஓர் எழுத்தளவு கட்டத்தை மட்டுமே நிறமூட்டுகிறது. வெற்று வரியும் தெரிவில் உள்ளதை அக்கட்டமே காட்டிவிடுவதால், எனக்கு அதுவே நேர்த்தியாகப் படுகிறது.

கொக்குவிலான்: ‘நில்’ ஆக்கியதும் சரியாயிற்று, ஐயா. நன்றி.